தீல் ஃபெலோஷிப்: யாருக்குப் பொருந்தும்?

பேபால் நிறுவனத்தின் இணை நிறுவனரும் முதலீட்டாளருமான பீட்டர் தீலின் அறக்கட்டளை 2011 முதல் வழங்கிவரும் இந்த உதவித்தொகை, கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்றை உருவாக்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 1,00,000 டாலர் அளித்தது. அண்மையில் அத்தொகை இரட்டிப்பாகியுள்ளது. பணத்தைவிட, அதற்கு ஈடாக நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை என்பதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். முதல் முதலீட்டுக்காகப் பெரும்பங்கை விட்டுக்கொடுத்துப் பின்னர் வருந்தும் நிறுவனர்கள் ஏராளம். எத்தீரியம் என்ற பிளாக்செயின் தளத்தின் விட்டாலிக் புட்டரின், ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளின் டிலன் ஃபீல்ட், ஓயோ விடுதி நிறுவனத்தின் ரித்தேஷ் அகர்வால் ஆகியோர் இதனைப் பெற்றவர்கள்.

ஆயினும், ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது பேரே தேர்ந்தெடுக்கப்படுவதால், ஏற்கெனவே ஏதேனும் செய்துகாட்டியவருக்கே கதவு திறக்கிறது. (படிப்பை விடச் சொல்லும் தீல், ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பட்டங்கள் பெற்றவர் என்பது வேறு கதை.) இயங்கும் மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருக்கும், 22 வயதைத் தாண்டாதவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம், வெறும் யோசனை மட்டுமே உள்ளவர்கள் படிப்பைத் தொடர்ந்துகொண்டே அந்த மாதிரியை உருவாக்குவது நலம்.