லோ யாட்டில் வாங்கிய மறுவிற்பனை மடிக்கணினி: தூங்காத கிராபிக்ஸ் கார்டு

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் மேல்மாடிக் கடை ஒன்று டெபியன் லினக்ஸ் போட்டே விற்கும் மடிக்கணினி இது. 9ஆம் தலைமுறை இன்டெல் சிப், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 50 வாட்-மணி பேட்டரி. கீல் இறுக்கம், திரை சுத்தம், தெர்மல் பேஸ்ட்டும் புதுசு. வன்பொருள் வேலையில் கடை கெட்டி. டிரைவர் அமைப்பில்தான் கோட்டை விட்டிருக்கிறது: வேலை இல்லாதபோது தூங்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டு விழித்தே இருந்து பேட்டரியைத் தின்கிறது.

சார்ஜரைக் கழற்றி, பத்து நிமிடம் சும்மா விட்டு, பேட்டரியின் ‘பவர்_நவ்’ கோப்பைப் படித்தால் 14200000 என்று காட்டுகிறது. மைக்ரோவாட் கணக்கு, அதாவது 14.2 வாட். இப்படிப் போனால் பேட்டரி மூன்றரை மணி நேரம்தான் தாங்கும். பேட்டரி பழசு என்று யாராவது சொன்னால் உடனே காசைக் கொட்டாதீர்கள். முதலில் கார்டின் ‘ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ கோப்பைப் பாருங்கள். ‘சஸ்பெண்டெட்’ (தூக்கம்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆக்டிவ்’ (விழிப்பு) என்று இருக்கும்.

இதைப் பார்க்க, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டவே கூடாது. அது கேள்வி கேட்பதற்காகவே கார்டை எழுப்பிவிடும். வன்பொருள் பட்டியல் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையும் அப்படித்தான். பலர் மணிக்கணக்கில் சுற்றி வருவது இங்கேதான்.

காரணம் இரண்டு. இந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற டூரிங் தலைமுறைக் கார்டுகளில் என்விடியா டிரைவரின் தானியங்கி உறக்கம் இயல்பாகவே அணைந்திருக்கும். டிரைவர்களுக்கான மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் மதிப்பை 0x02 ஆக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும். 435 வரிசைக்கு முந்தைய டிரைவரில் இந்த வசதியே கிடையாது.

இரண்டாவதுதான் எளிதில் கண்ணில் படாதது. அதே கார்டில் எச்டிஎம்ஐ ஒலிக்கென்று தனிப் பகுதி உண்டு: கார்டு 01:00.0 என்றால் ஒலி 01:00.1. ஒலிப் பகுதி விழித்திருக்கும்வரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் கார்டையும் தூங்க விடாது. இரண்டின் ‘பவர்/கன்ட்ரோல்’ கோப்பிலும் ‘ஆன்’ இருந்தால் ‘ஆட்டோ’ என்று மாற்றுங்கள். ஒலி டிரைவரின் பவர்_சேவ் 0 ஆக இருந்தால் 1 ஆக்குங்கள். பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியில் மாற்றினால் மறுதொடக்கத்தோடு போய்விடும். சாதனங்களைக் கையாளும் யூடெவ்வில் ஒரு விதியாக, என்விடியாவின் தயாரிப்பாளர் எண் 0x10de போட்டு எழுதிவிட்டால் நிலைக்கும்.

பிறகு ப்ராக் (/proc) கோப்புறையில் என்விடியாவின் ‘பவர்’ கோப்பைத் திறந்தால் ‘வீடியோ மெமரி: ஆஃப்’ என்று வர வேண்டும். பவர்_நவ் 8 வாட் பக்கம் இறங்கினால், அதே பேட்டரி ஆறு மணி நேரம் ஓடும்.

எச்டிஎம்ஐ துளை நேரடியாக இந்தக் கார்டோடு இணைந்த மாடல் என்றால், வெளித்திரை மாட்டியிருக்கும்போது கார்டு தூங்காது. அது பழுதல்ல, கடையோடு சண்டை வேண்டாம்.

வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் கவுன்டரிலேயே சார்ஜரைக் கழற்றச் சொல்லி அந்த ‘ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற, டூரிங்குக்கு முந்தைய பாஸ்கல் கார்டைக் காட்டினால் வேறு பெட்டி கேளுங்கள். என்விடியா டிரைவரில் அதற்கு இந்த உறக்கம் கிடையாது.