ரேடன் மறுசோதனைக்கு எந்தக் கருவி? தபால்வழி நீண்டகாலச் சோதனைப் பெட்டி: ஒரு மதிப்பீடு

கனடாவில் வீட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் ரேடன் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கதிரியக்க வாயு) சோதனைப் பெட்டிகளைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் முதன்முறை சோதிப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பே சோதித்து, அளவு குறைவு என்று வந்த முடிவுத்தாளை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்தியிருப்பவர் மீண்டும் எப்போது சோதிக்க வேண்டும், அதற்கு எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்பதை அவை அரிதாகவே தொடுகின்றன. ஒன்ராறியோவில் பயன்படுத்திய தபால்வழி நீண்டகாலச் சோதனைப் பெட்டி ஒன்றை அந்தக் கோணத்திலிருந்தே இங்கு மதிப்பிடுகிறேன். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே தொழில்நுட்பத்தில் இயங்குவதால், எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இங்கு முக்கியமில்லை.

பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் சிமிழ், பதிவெண் ஒட்டிய படிவம், திருப்பி அனுப்பும் உறை ஆகியவையே. மின்சாரமோ மின்கலமோ தேவையில்லை. சிமிழின் உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு உண்டு. மண்ணிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து உருவாகும் ரேடன் வாயு சிமிழுக்குள் பரவி, தானும் சிதையும்போது வெளிவிடும் ஆல்பா துகள்கள் அத்துண்டில் கண்ணுக்குத் தெரியாத தழும்புகளைப் பதிக்கின்றன. ஆய்வுகூடத்தில் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்துத் தழும்புகளைப் பெரிதாக்கி, நுண்ணோக்கியின் கீழ் எண்ணி, கன மீட்டருக்கு இத்தனை பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று கணக்கிட்டு அனுப்புகிறார்கள்.

இதன் பலமும் பலவீனமும் காலமே. குறைந்தது 3 மாதங்கள், அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான வெப்பமூட்டும் பருவத்தில், சிமிழ் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேறிய காற்று மேலெழுந்து கூரை வழியே கசியும்போது, கீழ்த்தளம் அடித்தரையின் வெடிப்புகள், நீரிறைக்கும் குழி, குழாய்த் துளைகள் ஆகியவற்றின் வழியாக மண்ணுக்குள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே வீட்டில் நாளுக்கு நாள் அளவு பல மடங்கு ஏறி இறங்கக்கூடும் என்பதால், சில நாட்களில் முடிந்துவிடும் கரித்தூள் சோதனையை மறுசோதனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பனிக்காலத்தில் எடுத்த பழைய எண்ணுடன் கோடையில் ஜன்னல்களைத் திறந்துவைத்து எடுத்த புதிய எண்ணை ஒப்பிட்டால் கிடைப்பது ஆறுதல் மட்டுமே, தகவல் அல்ல. மறுசோதனை முந்தையதன் அதே பருவத்தில், அதே வகைக் கருவியால் நடக்க வேண்டும்.

ஆனால் அதே இடத்தில் நடக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. கனடிய சுகாதாரத் துறையின் வழிகாட்டல்படி, ஒருவர் நாளொன்றுக்கு 4 மணிநேரமோ அதற்கு மேலோ செலவிடும் மிகத் தாழ்ந்த தளத்திலேயே அளக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் இந்தத் தளம் அடிக்கடி மாறுகிறது. வீடு வாங்கியபோது பேஸ்மென்ட் வெறும் சாமான் அறையாக இருந்திருக்கும். சோதனை மேல்தளத்தில் நடந்திருக்கும். பிறகு அங்கே அறைகள் எழும்பி, ஊரிலிருந்து வந்த அம்மாவோ வாடகைக்கு வந்த மாணவரோ அங்கே தூங்கத் தொடங்கியிருப்பார். மேல்தளத்தில் எடுத்த எண் அவர்களைப் பற்றி எதையும் சொல்லாது. ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் பேஸ்மென்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்லர்.

வீட்டை இறுக்கமாக்கும் வேலைகள் அடுத்த காரணம். 2021இல் தொடங்கிய கூட்டாட்சி அரசின் பசுமை வீட்டு மானியத்தைப் பயன்படுத்திப் பலர் ஜன்னல்களை மாற்றினார்கள், சுவர்களிலும் கூரையிலும் வெப்பக்காப்பு அடைத்தார்கள், ஃபர்னஸை அகற்றி வெப்ப விசையியக்கிக்கு (ஹீட் பம்ப்) மாறினார்கள். எரிசக்திச் செலவு குறைந்தால் நல்லதே. ஆனால் காற்றோட்டம் மாறும்போது ரேடன் அளவும் மாறக்கூடும். கூடுதல் அறை கட்டியது, அடித்தரையை உடைத்துக் குழாய் பதித்தது, அருகில் வெடிவைத்துப் பாறை தகர்த்தது ஆகியவையும் மறுசோதனைக்கான காரணங்களே. இவை எதுவும் நிகழாத வீட்டையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்குமாறு அமெரிக்க அளவீட்டுத் தரநெறிகள் கூறுகின்றன. ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கு புதிய வீடுகளுக்கு வழங்கப்படும் டாரியன் உத்தரவாதம் ரேடன் பிரச்சினையை 7 ஆண்டுகள் வரை உள்ளடக்குகிறது. ஆறாவது பனிக்காலத்தைச் சோதிக்காமல் நழுவவிடுவது பணத்தை வீணாக்குவதற்குச் சமம்.

முந்தைய எண் கனடிய வழிகாட்டு அளவான 200 பெக்கரெலுக்குச் சற்றுக் கீழே, 160, 170 என்று இருந்தவர்கள் 5 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஆண்டு வரும் இயல்பான வேறுபாடே அவர்களை அந்த அளவைத் தாண்ட வைக்கக்கூடும். 200 என்பது பாதுகாப்பின் எல்லை அன்று, நடவடிக்கையின் எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு 100. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு ரேடனே காரணம் என்று மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், கோட்டுக்குக் கீழே என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்ப எனக்கு மனமில்லை.

ரேடன் குறைப்பு ஏற்பாட்டை, அதாவது அடித்தரையின் கீழிருந்து வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாயையும் விசிறியையும் பொருத்தியவர்களுக்கு டிஜிட்டல் அளவி பொருத்தம். விசிறி இயங்கத் தொடங்கி ஒரு நாள் கழிந்த பிறகு முதல் மாதத்துக்குள் குறுகியகாலச் சோதனை, அடுத்த பனிக்காலத்தில் நீண்டகாலச் சோதனை என்பதே முறை. அதற்குப் பிறகு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. குழாயில் மாட்டியிருக்கும் வண்ணத் திரவம் நிரம்பிய அழுத்தமானி விசிறி இழுக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். ரேடன் அளவைக் காட்டாது. இடையில் விசிறி பழுதானால், திரையில் ஏறும் எண்ணைக் கொண்டு டிஜிட்டல் அளவி அதை விரைவில் காட்டிக்கொடுக்கும். விலை தபால்வழிப் பெட்டியைவிடப் பல மடங்கு என்றாலும், சில பொது நூலகங்களில் இரவல் கிடைக்கிறது. ஆனால் அதன் தினசரி எண்ணைப் பார்த்து ஒரு நாள் அஞ்சுவதும் மறுநாள் தெளிவதும் வீண். நீண்டகாலச் சராசரியை மட்டும் பாருங்கள்.

தபால்வழிப் பெட்டியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முடிவுத்தாளில் எண்ணும் வழிகாட்டு அளவும் இருந்தன; மறுபடி எப்போது சோதிப்பது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்ட நிறுவனம் அதைக் கொண்டு நினைவூட்டல் ஒன்றையாவது அனுப்பலாம். சிமிழை வைக்கும் இடத்தைப் பற்றிய படமும் தெளிவாக இல்லை. தரையிலிருந்து 0.8 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, சமையலறையும் குளியலறையும் அல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதை வேறிடத்தில் தேடித்தான் உறுதிசெய்துகொண்டேன்.

இருந்தும், மறுசோதனைக்கு என் தேர்வு இதுதான். செப்டம்பரிலேயே வாங்கிவைத்தால் அக்டோபரில் தொடங்கலாம். வாங்கும்போது ஆய்வுகூடக் கட்டணமும் திருப்பி அனுப்பும் தபால் செலவும் விலையில் அடங்கியுள்ளனவா, கனடிய தேசிய ரேடன் தேர்ச்சித் திட்டத்தின் அங்கீகாரம் உள்ளதா, உறையில் அச்சிட்ட காலாவதித் தேதி அடுத்த வசந்தத்தைத் தாண்டுகிறதா என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.