பி.எஸ்.ஏ எம்20: கட்டி முடித்து இரண்டு வருடம், தீராத ஒரு எண்ணெய்ப் பிரச்சினை

கோவை நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்கள் வீட்டிலேயே இன்ஜினைப் பிரித்துக் கட்டினீர்களே, அதே எம்20 எனக்கும் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?"

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக பி.எஸ்.ஏ நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த மோட்டார் சைக்கிள். 496 சிசி, ஒற்றை சிலிண்டர். இதெல்லாம் அவருக்கே தெரியும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வாசல் போர்ட்டிகோவில் அதைப் பிரித்துக் கட்ட எனக்கு ஏழு மாதம் ஆனது. மில்லிமீட்டர் ஸ்பேனர் இதில் உட்காராது, கார் கடையில் கிடைக்கும் அங்குல ஸ்பேனரும் உட்காராது. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் செட் கையில் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது, மூலை மழுங்கிவிடும்.

நான் எதிர்பாராத சந்தோஷம் சைடு வால்வு அமைப்பு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஹெட் என்பது மேலே போட்ட மூடிதான். போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், பிஸ்டனின் தலையும் இரண்டு வால்வுகளும் கண்ணெதிரே இருக்கும். ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால், மூங்கில் சீவலால் கரியைச் சுரண்டி எடுத்து மதியச் சாப்பாட்டுக்குள் மூடிவிடலாம். தேய்ப்புப் பேஸ்ட் தடவி வால்வை அதன் இருக்கையில் இப்படியும் அப்படியும் உருட்டித் துடைத்துப் பார்க்கும்போது, அறுபடாத சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை பிரிக்கலாம் என்று தோன்றும். வால்வு இடைவெளி இன்லெட்டுக்கு 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்டுக்கு 12 தௌ. ஒரு முறை சரியாக வைத்தேன், இன்றுவரை நகரவில்லை.

ஆனால் எண்ணெய்!

இதில் எண்ணெய் தனித் தொட்டியில் மேலே இருக்கிறது, பம்பு கீழே. வண்டி நிற்கும்போது எண்ணெய் இறங்காமல் தடுக்க வேண்டியது, ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் ஒரு சின்ன எஃகுக் குண்டு. அது தன் இருக்கையில் சரியாக உட்காராவிட்டால், தேய்ந்த பம்பு வழியாகத் தொட்டி எண்ணெய் மெல்ல மெல்ல இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேசுக்குள் இறங்கிவிடும். மறுநாள் கிக்கரை மிதித்தால் சேற்றில் கால் வைத்தது போல் கனக்கும், கிளம்பியதும் தெருவே புகை மூடிப் போகும். பம்பின் பல்சக்கர முகங்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் தேய்த்துச் சமன் செய்தேன். இருக்கையில் குண்டின் வட்டம் சரியாகப் பதியட்டும் என்று பழைய குண்டை அதில் வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, பிறகு அதை எடுத்துவிட்டுப் புதுக் குண்டு போட்டேன். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தது. பிறகு பழைய கதை.

தொட்டிக்குக் கீழே ஒரு குழாய்த் திருகு வைத்துவிடு என்று உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வைக்க மாட்டேன். என்றைக்காவது ஒரு நாள் திறக்க மறந்து கிளம்பினால், எண்ணெய் போகாமல் சில கிலோமீட்டரிலேயே பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஏழு மாத உழைப்பை என் ஞாபகத்தை நம்பி ஒப்படைக்க நான் தயாராக இல்லை.

நியாயமாகச் சொன்னால், இரண்டு வருடத்தில் வண்டி என்னை நடுவழியில் ஒரு முறைகூட நிறுத்தியதில்லை. நந்தி மலை அடிவாரம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஏற்றத்தில் அது மூச்சு வாங்காமல் இழுக்கும் விதத்தை இந்தக் காலத்து வண்டி எதிலும் நான் கண்டதில்லை.

நேற்று, ஆறு நாள் நின்ற பிறகு, இன்ஜினின் அடித்தட்டைக் கழற்றி, இறங்கியிருந்த எண்ணெயை அளந்தேன். முன்னூறு மில்லி. நண்பருக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும் இரண்டு புதுக் குண்டுகள் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை அந்த இருக்கையை மறுபடி பார்க்க வேண்டும்.