கருமணலைப் பார்க்க எக்ஸ் கதிரா, நியூத்திரனா?

முல்லைத்தீவிலிருந்து நாயாறு, கொக்கிளாய் என்று கரையோரமாகத் தெற்கே போனால், அலை பின்வாங்கிய இடங்களில் மணல் கறுத்துக் கிடப்பதைக் காணலாம். கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையில் அகழப்படும் கனிய மணலின் உறவுதான் அது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை அதற்குள் புரட்டினால் சில மணிகள் மயிர்போலச் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். அவை பெரும்பாலும் மக்னற்றைற்று. கறுப்பின் பெரும்பங்கான இல்மனைற்று அவ்வளவு எளிதில் மசியாது. அதை இழுக்க வலுவான காந்தப் பிரிப்பான் வேண்டும். இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களால் ஆன இந்தக் கனியத்தை முன்வைத்து, கிளிநொச்சியில் பௌதிகவியல் படிக்கும் உயர்தர மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் காட்ட எக்ஸ் கதிர் இருக்கும்போது, அணு உலை வைத்து நியூத்திரன் எடுக்க வேண்டிய தேவை என்ன? அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொன்ன பதில் போதவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுதான். பளிங்கில் அணுக்களுக்கிடையிலான தூரமும் கதிரின் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால், சிதறும் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்திப் புள்ளிகளாகவோ வளையங்களாகவோ விழும். இந்தக் கோணற்கோலத்திலிருந்து அணுக்களின் இருப்பிடங்களைக் கணித்து எடுக்கலாம். எக்ஸ் கதிரால் இது இயலும் என்பதை 1912 இல் லாவேயின் குழுவினர் காட்டினர். நியூத்திரனோ 1932 இல்தான் சாட்விக்கால் கண்டறியப்பட்டது. அதைக் கொண்டு பொருள்களின் அமைப்பை ஒழுங்காக ஆராயும் வேலை, உலகப் போரின் முடிவில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் வொலன், சல் ஆகியோரின் கைகளில் வளர்ந்தது.

வேறுபாடு, கதிர் எதில் மோதிச் சிதறுகிறது என்பதில் தொடங்குகிறது. எக்ஸ் கதிர் இலத்திரன் முகிலில் சிதறுகிறது. நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லாததால் அது முகிலைக் கடந்து கருவில் சிதறுகிறது. ஓர் இரும்பு அணுவை இரண்டு கிலோமீற்றர் அகலமான குளம் அளவுக்குப் பெருப்பித்தால், அதன் கரு நடுவில் மிதக்கும் ஒரு விளாம்பழம் அளவே இருக்கும். அந்தப் பழத்தைத் தொட்டால்தான் நியூத்திரன் திரும்பும் என்பதால், அது பொருளுக்குள் ஆழமாக ஊடுருவும், ஆனால் அரிதாகவே சிதறும். எக்ஸ் கதிர்ப் பொறிக்குச் சில பத்து மில்லிகிராம் தூள் போதும்போது நியூத்திரனுக்குப் பெரும்பாலும் கிராம் கணக்கில் கேட்பதற்கு இதுவும், நியூத்திரன் கற்றைகள் இயல்பிலேயே ஐதாக இருப்பதும் காரணங்கள்.

இல்மனைற்றில் இந்த வேறுபாடு அழகாக வெளிப்படுகிறது. எக்ஸ் கதிரின் சிதறல் வலிமை இலத்திரன்களின் எண்ணிக்கையோடு கூடுகிறது: இரும்புக்கு 26, தைத்தேனியத்துக்கு 22, ஒட்சிசனுக்கு 8. ஆகவே இரும்பும் தைத்தேனியமும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் தெரியும். ஒட்சிசன் மங்கிப் போகும். நியூத்திரனின் கணக்கில் இரும்பின் சிதறல் நீளம், அதாவது அதன் கரு நியூத்திரனை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கும் என்பதன் அளவு, 9.45 பெம்தோமீற்றர், ஒட்சிசனுடையது 5.80, தைத்தேனியத்தினுடையது மறை 3.44. மறைக் குறி என்பது, இரும்பிலிருந்து வரும் அலை முகடாக இருக்கும்போது தைத்தேனியத்திலிருந்து வருவது அகடாக இருக்கும் என்பதையே குறிக்கும். இரும்புப் படை, தைத்தேனியப் படை என்று மாறிமாறி அடுக்கப்பட்ட இந்தக் கனியத்தில் ஓர் அணு இடம் மாறி அமர்ந்தாலும் நியூத்திரன் அதை உரக்கச் சொல்லிவிடும். ஐதரசன், இலிதியம் போன்ற இலேசான மூலகங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஐதரசனையும் அதன் சமதானியான துத்தேரியத்தையும் எக்ஸ் கதிர் வேறுபடுத்துவதில்லை; நியூத்திரனுக்கு ஒன்று மறை 3.74, மற்றது நேர் 6.67.

இதுவரை சொன்னது அமைப்பைப் பற்றியது மட்டுமே; இதற்காக மட்டும் என்றால் எக்ஸ் கதிரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வாதிடுபவரோடு நான் அதிகம் சண்டை பிடிக்க மாட்டேன். நியூத்திரனின் உண்மையான பலம், அது தானே ஒரு சிறு காந்தம், ஆகவே கருவில் மட்டுமல்ல, அணுவின் இலத்திரன்களுடைய காந்தத்திலும் சிதறும் என்பதில் இருக்கிறது. சலும் சிமார்ட்டும் 1949 இல் மங்கனீசு ஒட்சைட்டைக் குளிரவைத்து நியூத்திரனால் பார்த்தபோது, எக்ஸ் கதிரில் இல்லாத புதிய கோடுகள் எழுந்தன. அயல் அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராகத் திரும்பி நிற்பதால் வெளியே காந்தமே தெரியாத ஒரு நிலை உண்டென்று பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் நேயல் முன்பே கருதியிருந்தார்; அதற்கு நேரடிச் சான்று இந்தக் கோடுகளில்தான் கிடைத்தது. இல்மனைற்றும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஏறத்தாழ 55 கெல்வினுக்குக் கீழே, ஒரு படையிலுள்ள இரும்பணுக்களின் காந்தங்கள் எல்லாம் ஒரு திசையிலும் அடுத்த இரும்புப் படையில் அதற்கு எதிர்த் திசையிலும் நிற்கின்றன. சிரானே முதலானோர் 1959 இல் இதை நியூத்திரன் கோணலால் நிறுவினர். எங்கள் கரையில் காலில் ஒட்டும் மணலுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு உறங்குகிறது என்பதை, மன்னிக்க வேண்டும், நான் படித்த காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வேறுபாடு சக்தி. 1.8 அங்ஸ்திரோம் அலைநீளமுள்ள நியூத்திரனின் சக்தி 25 மில்லி இலத்திரன்வோல்ற்று. அதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரினுடையது ஏறத்தாழ 6,900 இலத்திரன்வோல்ற்று. பளிங்கில் எழும் அதிர்வலைகளினதும், அணுக்காந்தங்கள் வரிசையாகத் தளம்புவதால் ஓடும் காந்த அலைகளினதும் சக்தி சில மில்லி இலத்திரன்வோல்ற்றுகளில் தொடங்கி நூறு, இருநூறு வரை போகும். கையில் நூறு ரூபாய் உள்ளவர் பத்து ரூபாயைத் தொலைத்தால் உடனே அறிவார். கோடி ரூபாய் உள்ளவருக்கு அதே பத்து ரூபாய் கணக்கில் தட்டுப்படுவது கடினம். நியூத்திரன் இழந்த சக்தியை அளந்து அந்த அலைகளை வரைபடமாக்கும் மூன்று அச்சு நிறமாலைமானியைக் கனடாவின் சோக் ரிவரில் புரொக்கவுஸ் உருவாக்கினார். சலுக்கும் அவருக்கும் நோபெல் பரிசு 1994 இல்தான் வந்தது. வொலன் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

அணுக்காந்தங்களை வெப்பத்தைவிடக் குவாண்டம் விதிகளே ஆளும் நிலைகள், அதாவது குவாண்டம் நிலைகள், இந்த வரைபடங்களிலேயே பிடிபடுகின்றன. கோபாற்று நியோபேற்றுப் பளிங்கைத் தனிப்பூச்சியத்துக்கு வெகு அருகே குளிர்வித்து, அதில் அணுக்காந்தங்கள் வரிசையாக நிற்கும் சங்கிலிக்குக் குறுக்கே காந்தப் புலத்தைக் கூட்டிக்கொண்டு போனால், ஏறத்தாழ 5.5 தெஸ்லாவில் அதன் காந்த ஒழுங்கு கலைகிறது. வெப்பத்தால் அல்ல, குவாண்டம் தளம்பலால் கலைகிறது. அந்த எல்லையை நெருங்கும்போது முதல் இரு அலைச் சக்திகளின் விகிதம் 1.618 என்ற பொன் விகிதத்தை அணுகுவதை 2010 இல் நியூத்திரன் சிதறல் காட்டியது. கேபர்சிமிதைற்று என்னும் செப்புக் கனியத்தில் அணுக்காந்தங்கள் முக்கோணங்களில் மாட்டிக்கொண்டு, எதிரெதிராக நிற்க ஆசைப்பட்டும் மூவராலும் அது முடியாமல், எவ்வளவு குளிர்த்தாலும் ஒழுங்கு பெறாத சுழற்சித் திரவம் போல நடந்துகொள்கின்றன. 2012 இல் அதன் பளிங்குகளில் நியூத்திரன் கண்டது கூர்மையான அலைகளை அல்ல, பரந்து கலங்கிய ஒரு தொடர்ச்சியை. அதற்காக ஐதரசனுக்குப் பதிலாகத் துத்தேரியம் இட்ட பளிங்குகளை வளர்க்க வேண்டியிருந்தது, ஏனெனில் சாதாரண ஐதரசன் நியூத்திரனைக் கண்டபடி சிதறடித்து அளவீட்டையே மூடிவிடும்.

ஆயினும் எக்ஸ் கதிர் வாளாவிருக்கவில்லை. ஒத்திசை முறையில், ஒரு மூலகத்தின் உள்ளோட்டு இலத்திரன் சக்திக்குச் சரியாகக் கதிரை இசைத்தால், காந்த அலைகளையும் எக்ஸ் கதிரால் காண முடிகிறது. இரிடியம் நியூத்திரனை விழுங்கிவிடும் மூலகம். ஆகவே சிதிராந்தியம் இரிடேற்றின் காந்த அலைகளை 2012 இல் சிறு பளிங்கில் அளந்தவர்கள் எக்ஸ் கதிரையே நாடினார்கள். மெல்லிய படலங்களிலும் இதுதான் முன்னணி. அதன் சக்தித் துல்லியம் பெரும்பாலும் பத்து மில்லி இலத்திரன்வோல்ற்று மட்டத்தில் நிற்க, நியூத்திரன் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் போகும் என்பதால், மிகத் தாழ்ந்த சக்தியில் வாழும் குவாண்டம் நிலைகளுக்கு இன்றும் நான் நியூத்திரனையே முதலில் வைப்பேன்.

எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் தெரிவை மாற்றும். இலங்கையில் ஆய்வு அணு உலையும் இல்லை, இலத்திரன்களை வட்டமாக ஓடவிட்டுப் பலத்த எக்ஸ் கதிர் எடுக்கும் சிங்குரோத்திரனும் இல்லை. அயலிலுள்ள இந்தியாவில், மும்பையின் திரொம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாற்றுத் துருவா உலையும், இந்தோரில் இந்தூசு-2 சிங்குரோத்திரனும் உண்டு. பிரான்சின் கிரெனோபிளில் இரண்டு வகை நிலையங்களும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இத்தகைய இடங்களில் விண்ணப்பம் எழுதி, அது தேர்வானால்தான் கற்றை நேரம் கிடைக்கும். ஆகவே கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ படிக்கும் ஒருவர், கருமணலை முதலில் சாதாரண எக்ஸ் கதிர்த் தூள் பொறியில் வைப்பதே முறை. கரையில் கிடக்கும் இல்மனைற்று வெயிலிலும் நீரிலும் இரும்பை இழந்து, தூய கனியத்துக்குரிய 52.7 சதவீதத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு அளவிலிருந்து விலகியிருக்கக்கூடும். அதை அறியாமல் எழுதும் விண்ணப்பம் நிற்காது. காந்த அலைகளை அளப்பதற்கு மணல்மணிகள் உதவா. ஆய்வுகூடத்தில் பெரிய தனிப்பளிங்கு வளர்க்க வேண்டும்.

அனுப்புமுன் இன்னொன்று: இந்த மணலில் தோரியம் கொண்ட மொனசைற்று மணிகளும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, மாதிரியின் கதிர்ப்பை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நியூத்திரன் பட்ட பொருள் சிறிது காலம் தானும் கதிர்வீசலாம் என்பதால், திரும்பிவரும் மாதிரியோடு ஒப்பிட அந்தக் கணக்கு தேவைப்படும்.