மீல் மேக்கர்: பிழிகிற பிழியில் இருக்கிறது ருசி

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் 'தாவர இறைச்சி' டப்பாக்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. சிக்கன் மாதிரி, மட்டன் கீமா மாதிரி, கபாப் மாதிரி. கால் கிலோ டப்பா முந்நூறு ரூபாயைச் சாதாரணமாகத் தொடுகிறது. அதே கடையில் பருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் 200 கிராம் மீல் மேக்கர் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடக்கிறது. பல டப்பாக்களில் புரதத்துக்கு மூலம் அதே சோயாதான். எதை வாங்குவது என்று கேட்டால், குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுங்கள். ஒரே நிபந்தனை, பிழியத் தெரிந்திருக்க வேண்டும்.

சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவுதான் இது. மாவில் தண்ணீர் சேர்த்து, சூடான திருகுக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளுவார்கள். சின்னத் துளை வழியாக வெளியே வந்ததும் உள்ளே அடைபட்ட தண்ணீர் சட்டென்று ஆவியாகி, பொரி பொரிவது போல மாவு உப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் துளைகள் அப்படி வந்தவைதான். 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் பரப்பிய முறை இது. அந்தத் துளைகளே இதன் பலம், பலவீனம் இரண்டும். எதில் போட்டாலும் குடித்துவிடும். மசாலாவையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் 'கொழுப்பு நீக்கிய சோயா மாவு' என்ற ஒரே வரி இருந்தால் போதும். நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கட்டும். கரும்பழுப்பு என்றால் சூடு அதிகம் பட்டிருக்கலாம். அடியில் தூள் நிறைய தங்கியிருந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். திறந்த சாக்கில் அள்ளிக் கொடுப்பது ஈரம் இழுத்திருக்கும். மலிவு என்று வாங்கினால் சிக்கு வாடை அடிக்கும். உருண்டை, மினி, குருணை மூன்றில் குழம்புக்கும் பிரியாணிக்கும் மினிதான் நல்லது. பெரிய உருண்டையின் நடுவரைக்கும் உப்பு போய்ச் சேர்வதில்லை.

இனி முக்கியமான வேலை. 50 கிராம் மீல் மேக்கருக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, மீல் மேக்கரைக் கொட்டி, அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். உருண்டைக்கு 12 நிமிடம், மினிக்கு 6. அடுப்பிலேயே இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுபவர்கள் உண்டு. வெளிப்புறம் குழைந்து, பிழியும்போது கையோடு பிய்ந்து வரும். ஒன்றை எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, நாலைந்தாக உள்ளங்கைக்குள் வைத்து அழுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக, நுரையோடு வழியும். பச்சை சோயா வாடை பெரும்பாலும் அதோடு போகும். வயிற்றில் வாயு கிளப்பும் சர்க்கரைகளிலும் ஒரு பங்கு கரைந்து வெளியேறும். தண்ணீரை மாற்றி மறுபடி, மறுபடி. மூன்றாவது தடவை தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக வரும். அங்கே நிறுத்தலாம். கடைசிப் பிழிவு மட்டும் இரக்கமில்லாமல் இருக்க வேண்டும். பஞ்சுக்குள் தண்ணீர் நிற்கிற வரை மசாலா உள்ளே போகாது. குழம்பு கொதிக்கும்போது அந்தத் தண்ணீர் வெளியே வந்து சால்னா நீர்த்துப் போகும். 'மீல் மேக்கர் சப்பென்று இருக்கிறது' என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்த ஒரு தப்புதான்.

பிழிந்ததும் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு போட்டுப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். காலிப் பஞ்சு அப்போதுதான் நமக்கு வேண்டியதைக் குடிக்கும். பிறகு இரும்புத் தவாவில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில், ஓரம் சிவக்கும்வரை ஆறேழு நிமிடம் புரட்டி, அதன்பின் சால்னாவில் சேருங்கள். பிரியாணி என்றால் இப்படிப் புரட்டியதைத்தான் தாளிப்பில் போட வேண்டும். வெறுமனே பிழிந்ததைப் போட்டால் சீரகச் சம்பாவுக்கு அளந்து ஊற்றிய தண்ணீரில் பங்கு கேட்கும், அரிசி நறுக்கென்று நின்றுவிடும்.

கோலா உருண்டைக்குக் குருணை. ஊறியதும் துணியில் முறுக்கிப் பிழியுங்கள், கை போதாது. 100 கிராம் குருணைக்கு மூன்று மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. எண்ணெயில் உருண்டை உதிர்ந்தால் மாவு குறைவு என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம்தான்.

மீல் மேக்கர் 65 பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. ருசி உண்டு, மறுக்க முடியாது. ஆனால் கொழுப்பே இல்லாத ஒன்றை வாங்கி, எண்ணெய்ச் சட்டியில் முக்கி, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி ஒற்றிச் சாப்பிடுவதை ஆரோக்கிய உணவு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கணக்கு. அட்டையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம், சுமார் 345 கலோரி, கொழுப்பு அரை கிராம் என்று இருக்கும். அது உலர்ந்த எடைக்கு. ஊறிப் பிழிந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்காகும். அப்போது 100 கிராமில் 17 முதல் 20 கிராம் புரதம்தான். கோழி நெஞ்சுக்கறியை மிஞ்சிவிட்டது என்று சுற்றும் படங்கள் உலர்ந்ததையும் வெந்ததையும் ஒரே தட்டில் நிறுத்துகின்றன. அப்படியும் 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் ஏறக்குறைய 15 கிராம் புரதம் தரும், இரண்டு முட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கைப்பிடியில் வருகிறது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், சோயாவில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. இரண்டும் ஒரே இலையில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

இதய நலனுக்குச் சோயாப் புரதம் உதவும் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் அனுமதி தந்தது. சான்று போதிய அளவு உறுதியாக இல்லை என்று 2017இல் அதையே திரும்பப் பெற முன்மொழிந்தது. ஆகவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம். ஆண்மை குறையும் என்ற பயமும் வேண்டாம்: 41 மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியான பகுப்பாய்வில் ஆண்களின் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் தென்படவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாத்திரை உடம்பில் சேர்வதைச் சோயா ஓரளவு தடுக்கலாம். மாத்திரை காலை வெறும் வயிற்றில், மீல் மேக்கர் மதியச் சாப்பாட்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சோயா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு எந்த அளவும் ஆகாது. இதில் வைட்டமின் பி12 கிடையாது, பாலும் முட்டையும்கூட விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறியவர்கள் அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும். இரும்புச்சத்து உண்டு, ஆனால் சோயாவிலேயே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளி போட்ட சால்னாவும் இறக்கியபின் பிழியும் எலுமிச்சையும் கொஞ்சம் விடுவிக்கும்.

ஃப்ரீசர் டப்பாவுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அதன் நார் உண்மையிலேயே கறி மாதிரி பிரிகிறது. அதிக ஈரத்தோடு மாவைத் தள்ளி, குளிர்விக்கும் குழாய் வழியாக மெதுவாக எடுப்பதால் உப்பாமல் அடுக்கடுக்காக வரும். கறியை விட்டுவிட முயல்பவருக்கு முதல் மாதம் கைகொடுக்கும். ஆனால் கறித்தன்மைக்காகச் சேர்ப்பவற்றையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற இம்பாசிபிள் பர்கரின் 2019 செய்முறையில் 113 கிராமுக்கு 19 கிராம் புரதம். கூடவே 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 370 மில்லிகிராம் சோடியம். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்து. மீல் மேக்கரில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்பது உங்கள் கரண்டியில் இருக்கிறது.

பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் உலர்ந்த எடையில் 15 கிராமுக்கு மேல் போக வேண்டாம். நூறு கிராமில் 13 கிராம் நார்ச்சத்து, ஒரேயடியாக இறங்கினால் இரவெல்லாம் வயிறு பொருமும். மிச்சம் வந்தால் பிழிந்ததை மசாலா போடாமல் காற்று புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் மறுபடி ஒரு பிழி.