ஒரு நாள்தான் கையில் இருக்கிறதா? தஞ்சாவூரா, சுவாமிமலையா?

கோயில் பார்க்க டெல்டாவுக்கு வருகிறவர்கள் ஏராளம். கலைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் குறைவு. அப்படி வர நினைத்து, ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது என்றால் தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் போவதா, சுவாமிமலைக்குப் போவதா? இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பார்க்கக் கிடைப்பது முற்றிலும் வேறு.

தஞ்சாவூரில் ஓவியம், வீணை, கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை என்று எல்லாமே ஒரே ஊருக்குள் கிடைக்கும். ஓவியப் பட்டறை புதிதாக வருகிறவருக்கு ரொம்ப வசதியான இடம். துணி ஒட்டிய பலகை ஒன்று, கோடு மட்டும் போட்டது ஒன்று, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மக்கால் மேடு எழுப்பியது ஒன்று, தங்க ரேக்கு ஒட்டியது ஒன்று என்று பல கட்டங்கள் ஒரே அறையில் சாய்த்து வைத்திருக்கும். அரை மணி நேரத்தில் முழு வேலையும் புரிந்துவிடும். ஒரே சிக்கல், பல இடங்களில் முன்னால் இருப்பது விற்பனைக் கூடம். வேலை நடப்பது பின்கட்டில். "வேலை நடக்கிற இடத்தைப் பார்க்கலாமா?" என்று நாமாகக் கேட்க வேண்டும்.

நேரம் இருந்தால் வீணைப் பட்டறையையும் விடாதீர்கள். பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பதை விட, தந்திக்கு அடியில் வரும் 24 மெட்டுகளையும் ஸ்வரம் கேட்டுக் கேட்டு மெழுகில் பதிக்கும் அந்தக் கடைசி வேலைதான் அழகு.

சுவரோவியத்தை எதிர்பார்த்துத் தஞ்சாவூர் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள் பாதையில் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்தவற்றை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தப் பாதை பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. வெளித் திருச்சுற்று மாளிகையில் இருக்கும் பிற்கால ஓவியங்களைத்தான் நாம் பார்க்க முடியும்.

சரி, சுவாமிமலை. இங்கே ஒரே தொழில், பஞ்சலோகச் சிலை வார்ப்பு. அதனாலேயே ஆழமாகப் பார்க்கலாம். ஸ்தபதி முதலில் எடுப்பது தென்னங்கீற்று. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, சிற்ப சாஸ்திர அளவுப்படி மடித்துக்கொள்வார். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கிறது. பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பார். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால், மெழுகு உருகி வழிந்து உள்ளே வெற்றிடம் நிற்கும். உலோகத்தை அதில்தான் ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துவிட வேண்டும். அதனால் ஒரே அச்சில் இரண்டாவது சிலை பிறக்காது. ஆற்று மண் இவ்வளவு நைசாக இல்லையென்றால் மெழுகில் கீறிய நகக்கோடு உலோகத்தில் வராது. இந்தத் தொழில் காவிரிக் கரையிலேயே நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2023-இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராஜர், சுமார் 18 டன் எடையுள்ள எட்டு உலோகச் சிலை, இதே முறையில் இங்கே வார்த்ததுதான்.

குறை என்றால், உலோகம் ஊற்றுவது எல்லா நாளும் நடக்காது. அதைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்ற நாளில் மெழுகு வேலையும் உளி வேலையும் பார்க்கலாம். உளி பிடித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன் அவர் நிமிரும் வரை காத்திருங்கள். படம் எடுக்கக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

என் தேர்வு சுவாமிமலை. தஞ்சாவூரில் பல தொழில்களைத் தெரிந்துகொள்ளலாம். சுவாமிமலையில் ஒரு தொழிலோடு உட்காரலாம். ஒரு பகலுக்கு இரண்டாவதுதான் நிறைவு. சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால் மட்டும் தஞ்சாவூர். நிறமும் பொம்மையும் அவர்களைப் பிடித்து வைக்கும்.

காலையிலேயே சுவாமிமலை முடிந்துவிட்டால், மதியத்துக்கு மேல் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன், அங்கே இருக்கிறார், ராஜராஜன் காலத்து வார்ப்பு. காளை இப்போது இல்லை. அதன் மேல் சாய்ந்திருந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. தலைப்பாகை போலச் சுற்றிய சடையைப் பாருங்கள். அது ஒரு காலத்தில் விரலால் உருட்டிய மெழுகு என்பது காலையில் பட்டறையைப் பார்த்தவருக்குச் சொல்லாமலே தெரியும்.

இன்னொரு நாள் கிடைத்தால் கும்பகோணத்துக்குத் தெற்கே நாச்சியார்கோவில், குத்துவிளக்குப் பட்டறைகள். தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் தனித்தனியே வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பொருத்துகிறார்கள். சுவரோவியம்தான் வேண்டும் என்கிறவர்கள் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்துக்குப் போகலாம். கூரை முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை, பதினேழாம் நூற்றாண்டு வேலை, காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம். மண்டபம் திறந்திருக்குமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். நடை சாத்துவதற்கு முன், காலை வெளிச்சத்தில் போவது நல்லது.