பலகையா, கேமராவா, வேகத்தடையா?

சென்னையிலிருந்து விழுப்புரம் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. எதிர்ச்சாலையில் வரும் லாரி இரண்டு தடவை ஹெட்லைட்டைச் சிமிட்டும். உடனே நம் பக்கத்துக் கார்களெல்லாம் 110-லிருந்து 80-க்கு இறங்கும். புளியமரத்தடியில் ஸ்பீடு கன்னோடு நிற்கும் போலீஸ் வண்டியைத் தாண்டியதும் மறுபடி 110.

வேகம் குறைந்தால் உயிர் தப்பும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-ல் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாலும், காய்ந்த சாலையில் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடும். 100-ல் வந்த கார் அதே 37-வது மீட்டரில் இன்னும் 90-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்க வைப்பது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

வேக வரம்பு எழுதிய பலகை எல்லாவற்றிலும் மலிவு. சென்னையில் 2023 நவம்பரில் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் 30 என்று வரம்பு வைத்தார்கள். நியாயமான எண்கள்தான். ஆனால் 30 என்ற பலகையைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவரை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை. அதற்காக எண்ணே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1987-ல் கிராமப்புற நெடுஞ்சாலைகளின் வரம்பை 55 மைலிலிருந்து 65-க்கு உயர்த்த அனுமதித்த பிறகு, அந்தச் சாலைகளில் சாவு கூடியது.

ஓரிடத்துக் கேமரா பலகையைவிட எவ்வளவோ மேல். பிரிட்டனில் ஆராய்ந்தபோது, கேமராவைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் விபத்தும் சாவும் நன்றாகவே குறைந்திருந்தன. தள்ளிப் போகப் போகப் பலன் தேய்ந்துவிட்டது. நம் புளியமரத்துக் கதையேதான்.

நெடுஞ்சாலைக்கு நான் கேட்பது சராசரி வேகக் கேமரா. இரண்டு முனையிலும் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்துவிடும். ஒரு முனையில் மட்டும் பிரேக் அடித்துத் தப்ப முடியாது. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் முதல் இன்வர்னஸ் வரையுள்ள ஏ9 சாலையில் 2014-ல் இதை வைத்த பிறகு சாவும் படுகாயமும் குறைந்தன. நம் டோல் கேட்டில் ஃபாஸ்டேக் ஏற்கெனவே நேரத்தைப் பதிகிறது, பாதி வேலை முடிந்த மாதிரி. ஓட்டையும் உண்டு: பறந்து வந்துவிட்டு நடுவில் கால் மணி நேரம் டீக்கடையில் நின்றால் சராசரி இறங்கிவிடும். பெங்களூரு–மைசூரு சாலையில் கேமராக்கள் வந்தபின் சாவு குறைந்ததைச் சிலர் காட்டுவார்கள். அங்கே 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்கையும் ஆட்டோவையும் தடை செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் வந்தால் வேகத்தடைக்கு ஈடு இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டாம், செலான் வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கும் வேலை செய்யும். ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் இருப்பதோ, ஒரு விபத்து நடந்த மறுநாள் அவசரமாகக் கொட்டிய ஜல்லிக் குவியல். வெள்ளைப் பட்டை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. பிள்ளையை முன்னால் உட்கார வைத்து வரும் பைக்காரர் தூக்கி எறியப்படுகிறார்.

இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, நால்வழிச் சாலை இரண்டாகப் பிளந்த ஊர்கள். என் அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு மீடியன் இடைவெளியில் பால் கேனோடு நின்று, வரும் விளக்குகளின் தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்துத்தான் சாலையைக் கடக்கிறார். அங்கே வேகத்தடை போட முடியாது, கேமராவும் இல்லை. வளைந்து போகட்டும் என்று வைத்த இரண்டு பேரிகேடுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றிலிருந்த ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்து ஒரு வருஷம் ஆகிறது. சுரங்கப்பாதை கட்டும்வரை, அந்த ஸ்டிக்கரையாவது இந்த வாரமே ஒட்டுங்கள்.